கறுப்புப் பட்டி இல்லாமல் திரும்பி வந்தேன்

"அக்கா, கறுப்புப் பட்டியைக் கொண்டுவந்து எங்களுக்குத் தொட்டுப் பார்க்கத் தருவீங்களோ?"

2025ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் நான் சென்னைக்குப் பயணமாவதற்கு முந்திய சனிக்கிழமை, என்னிடம் கராத்தே பழகும் பிள்ளைகளில் ஆகச் சின்னவள் இப்படிக் கேட்டாள். பாலையூற்றில் ஒரு பொதுநோக்கு மண்டபத்தில் சனிக்கிழமை தோறும் பின்னேரம் 4 மணிக்கு 14 பெண்பிள்ளைகள் கூடுவார்கள். அன்று எல்லோரும் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். "ஓம், கட்டாயம்" என்று சொல்லிவிட்டேன். எட்டு நாட்களின் பின் கட்டுநாயக்காவில் வந்திறங்கி, பயணப் பெட்டிக்காகக் காத்து நின்றபோது அந்தக் "கட்டாயம்" என்ற சொல்தான் நெஞ்சில் கல்லாகக் கிடந்தது. பெட்டிக்குள் இருந்தது என்னுடைய பழைய மண்ணிறப் பட்டிதான்.

ஆகவே இது வெற்றிக் கதை அல்ல. சமூகசேவை வேலையில் இருப்பவர்களுக்கு வெற்றிக் கதை எழுதுவது கைவந்த கலை. ஒவ்வொரு திட்டமும் முடியும்போது 'பயனாளி ஒருவரின் வெற்றிக் கதை' என்று ஒன்று படத்தோடு அனுப்ப வேண்டும். கோழி வளர்த்து முன்னேறியவர், தையல் மெசின் பெற்றவர் என்று எத்தனையோ எழுதியிருக்கிறேன். கோழி செத்துப்போன கதையை எழுதித் தாருங்கள் என்று யாரும் கேட்டதில்லை. சகோதரிகளே, இது கோழி செத்த கதை. ஆனாலும் இதைச் சொல்லாமல் விட்டால் நான் அங்கே பெற்றுக்கொண்ட ஒன்று என்னோடே போய்விடும் என்பதால் எழுதுகிறேன்.

நான் கராத்தேக்கு வந்தது 27 வயதில். 2016இல் எங்கள் பகுதியில் பெண்களுக்குத் தற்காப்பு பற்றிய மூன்று நாள் செயலமர்வு ஒன்றை ஒழுங்குசெய்தோம். வளவாளர் வந்தார், படம் காட்டினார், கையை எப்படி உதறி விடுவிப்பது என்று செய்துகாட்டினார். தேநீர், மதிய உணவு, சான்றிதழ், குழுப்படம் எல்லாம் முறையாக நடந்தன. ஒரு மாதம் கழித்துக் கள வேலைக்குப் போனபோது, பங்குபற்றிய அம்மா ஒருவரிடம் "என்ன ஞாபகம் இருக்கு?" என்று கேட்டேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "சாப்பாடு நல்லா இருந்தது பிள்ளை" என்றார். எனக்குச் சிரிப்பும் வந்தது, வெட்கமும் வந்தது. மூன்று நாளில் ஒரு உடம்பு எதையும் பழகாது என்பது அன்று விளங்கியது. மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டுமென்றால் முதலில் நான் பழக வேண்டும் என்று நகரத்தில் ஒரு வகுப்பில் சேர்ந்தேன். என்னோடு சேர்ந்தவர்கள் 8 வயதும் 10 வயதும் ஆன பிள்ளைகள். அவர்களுடைய தாய்மார் வெளியே வாங்கில் இருந்து என்னைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். என்னைவிட இளைய தாய்மாரும் அதில் இருந்தார்கள்.

வீட்டில் அம்மா ஒன்றும் சொல்லவில்லை. பக்கத்து வீட்டு மாமிதான் கேட்டா: "இனியும் கையைக் காலை முறிச்சுக்கொண்டு நிண்டால் ஆர் பிள்ளை கேட்டு வருவினம்?" நான் "வராமல் விட்டவைக்கு நான் கராத்தே பழகினது தெரியாது தானே மாமி" என்று சொன்னேன். அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன்.

கராத்தேயில் படிமுறை ஒன்று உண்டு. தொடக்கத்தில் வெள்ளைப் பட்டி. பிறகு பரீட்சைக்குப் பரீட்சை நிறம் மாறி மண்ணிறம் வரை வரும். இந்தப் படிகளைக் 'கியூ' என்பார்கள். பத்தாம் கியூவில் தொடங்கி முதலாம் கியூ வரை கீழிருந்து எண்ணி வருவார்கள். அதன்பின் 'தான்' என்ற படிகள்; அங்கேதான் கறுப்புப் பட்டி. இந்த முறை ஆதியிலிருந்தே கராத்தேயில் இருந்தது அல்ல. ஜப்பானில் 1882இல் ஜூடோவை உருவாக்கிய ஜிகோரோ கானோ என்ற கல்விமான் ஏற்படுத்திய ஒழுங்கு அது. ஒகினாவாத் தீவிலிருந்து 1922இல் தோக்கியோவுக்குப் போய்க் கராத்தேயைச் செய்துகாட்டிய கிச்சின் ஃபுனகோஷி அதைத் தன் மாணவர்களுக்கும் எடுத்துக்கொண்டார். அவரும் ஒரு பாடசாலை ஆசிரியர். நான் பழகும் ஷோட்டோகான் முறை அவர் வழி வந்தது. 'ஷோட்டோ' என்பது அவர் கவிதை எழுதும்போது வைத்துக்கொண்ட புனைபெயர்.

முதலாம் கறுப்புப் பட்டிக்கு 'ஷோதான்' என்று பெயர். 'தொடக்கப் படி' என்பதே அதன் பொருள். நாங்கள் கறுப்புப் பட்டி என்றால் எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைக்கிறோம். அவர்களோ இப்போதுதான் அரிச்சுவடி எழுதத் தெரிந்துகொண்டாய் என்று சொல்கிறார்கள்.

இந்தப் பரீட்சையைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று யோசித்தேன். 'தரப்படுத்தல்' என்று எழுதினால் எங்கள் ஊர்ப் பெரியவர்களுக்கு 1970களின் தொடக்கத்தில் பல்கலைக்கழக அனுமதிக்குக் கொண்டுவந்த அந்தத் தரப்படுத்தல்தான் நினைவுக்கு வரும். சமூகவியல் படித்த காலத்தில் அதைப்பற்றி நானும் கட்டுரை எழுதியவள். ஒரு பிள்ளை எவ்வளவு படித்தாலும் தன் முயற்சிக்கு வெளியே இருக்கும் ஒன்று அவளைக் கீழே தள்ளலாம் என்பது அந்தச் சொல்லில் ஒட்டிக்கொண்ட கசப்பு. அதனால் நான் 'படிப் பரீட்சை' என்றே சொல்லிக்கொள்கிறேன்.

எங்கள் ஆசிரியர் மண்ணிறப் பட்டி வரைதான் பரீட்சை வைக்கலாம். அதற்கு மேலே பரீட்சகர் குழு வேண்டும். அயலில் அந்தக் குழு கூடுவது சென்னையில். 2022இல் போவதாக இருந்தேன். அந்த ஆண்டு நாடு இருந்த நிலை உங்களுக்குத் தெரியும். 200 ரூபாய் அளவில் இருந்த டொலர் 360 ரூபாயைத் தொட்டது. சீட்டுக் கட்டிச் சேர்த்த காசு விமானச் சீட்டுக்கே போதாமல் போயிற்று. பெற்றோல் வரிசையிலும் எரிவாயு வரிசையிலும் நின்றபடி கால் பெருவிரலில் ஊன்றிப் பயிற்சி செய்ததுதான் மிச்சம். மீண்டும் சீட்டுப் பிடித்து, மூன்று ஆண்டுகள் கழித்து, 36 வயதில் போனேன்.

இரவு பஸ்ஸில் கொழும்பு, கட்டுநாயக்கா, பிறகு ஒன்றரை மணித்தியாலத்துக்குள் சென்னை. திருகோணமலையிலிருந்து கொழும்புக்குப் போகும் நேரத்தைவிடக் கடலைத் தாண்டும் நேரம் குறைவு. முகாம் நகரத்துக்கு வெளியே, கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் ஒரு பாடசாலையில் நடந்தது. இத்தகைய முகாமை ஜப்பானியர் 'கஷ்ஷுகு' என்பார்கள். ஒன்றாகத் தங்குதல் என்று அர்த்தம். நான்கு நாள் பயிற்சி, ஐந்தாம் நாள் பரீட்சை. ஏறக்குறைய எண்பது பேர் வந்திருந்தார்கள். பெண்கள் 19 பேர்.

காலை 5 மணிக்குக் கடற்கரை மணலில் ஓட்டம். சூரியன் கடலிலிருந்து எழும்பும். எங்கள் ஊரிலும் அப்படித்தான். அதே வங்காள விரிகுடாதான். மணலில் காலை ஊன்றி, முன்முழங்காலை மடித்துப் பின்காலை நீட்டி நிற்கும் நிலையில் நூறு குத்து, நூறு உதை. ஏழரைக்கு இட்டலி. பிறகு மண்டபத்தில் 'கிஹோன்' என்ற அடிப்படை அசைவுகள், 'கட்டா' என்ற தொடர் அசைவுகள், பின்னேரம் 'குமித்தே' என்ற இருவர் பயிற்சி. கட்டா என்பது கண்ணுக்குத் தெரியாத எதிரிகளோடு தனியே செய்யும் ஒழுங்கான அசைவுத் தொடர். நான் பரீட்சைக்கு எடுத்தது 'பஸ்ஸாய் தாய்'. கோட்டையை உடைத்துக்கொண்டு புகுதல் என்று அதற்குப் பொருள் சொல்வார்கள். பிரெட்ரிக் கோட்டை வாசலுக்குள்ளால் கோணேசர் கோயிலுக்குப் போய்வந்து வளர்ந்தவள் நான். கோட்டைக்குள் உடைக்காமலும் போகலாம் என்றுதான் எனக்குத் தெரியும். எங்கள் ஆசிரியர் அதற்குச் சிரிக்கமாட்டார்.

என் அறைத்தோழி மதுரைப் பக்கத்தைச் சேர்ந்தவள், காவல்துறையில் வேலை, 26 வயது. முதல் இரவே, "அக்கா, நீங்க பேசுறது மலையாளமா?" என்று கேட்டாள். நான் "கதைக்கிறது", "வெளிக்கிடுறது" என்று சொல்லச் சொல்ல ஒரு கொப்பியில் எழுதிவைத்தாள். "எங்க ஊர்ல கதைக்கிறதுன்னா பொய் சொல்றதுக்கா" என்றாள். மூன்றாவது கட்டில் கண்ணூரிலிருந்து வந்த ஓர் ஆசிரியைக்கு. 58 வயது, மூன்றாம் தான் பரீட்சைக்கு வந்தவர். நாங்கள் இருவரும் அவரைச் சேச்சி என்று கூப்பிட்டோம். முழங்காலுக்குத் தைலம் பூசிக்கொண்டே இரவில் கதை சொல்வார்.

அவர் ஊருக்கு அண்மையில் வடகரையில் களரிப்பயிற்று கற்பிக்கும் மீனாட்சி அம்மாவைப் பற்றிச் சொன்னார். ஏழு வயதளவில் களரிக்குப் போனவர். எழுபது வயதைத் தாண்டியும் வாளோடு களத்தில் நின்றவர். 2017இல் இந்திய அரசு பத்மஸ்ரீ விருது கொடுத்தது. களரியில் நிறப் பட்டிகள் கிடையாது. "அப்படியென்றால் தேறியதை எப்படி அறிவது சேச்சி?" என்று கேட்டேன். "ஆசான் அடுத்ததைச் சொல்லித்தந்தால் முந்தியது தேறிவிட்டது" என்றார்.

அவர் சொன்ன இன்னொரு கதை என்னோடு ஒட்டிக்கொண்டது. ஜப்பானில் கெய்கோ ஃபுகுடா என்று ஒரு பெண், 1913இல் பிறந்தவர். ஜூடோவை உருவாக்கிய கானோவுக்கே இளமையில் ஆசானாக இருந்தவர் இவருடைய பாட்டனார். 1953இல் ஃபுகுடா ஐந்தாம் தான் பெற்றார். அதற்கு மேல் பெண்களுக்குப் படி இல்லை என்பது அந்தத் தலைமைச் சங்கத்தின் விதி. அவர் என்ன பிழைவிட்டார் என்று யாரும் சொல்லவில்லை. சொல்வதற்குப் பிழை இருக்கவில்லை. பெண் என்பதுதான் காரணம். பலர் கடிதம் எழுதிப் போராடிய பிறகு 1972இல்தான் ஆறாம் தான் கொடுத்தார்கள். 19 ஆண்டுகள்! அவர் நிறுத்தவில்லை. அமெரிக்காவில் சான் பிரான்சிஸ்கோ நகரில் பெண்களுக்குக் கற்பித்துக்கொண்டே இருந்தார். 2011இல், 98 வயதில், அமெரிக்க ஜூடோ அமைப்பு அவருக்குப் பத்தாம் தானைக் கொடுத்தது. அதற்கு மேலே ஜூடோவில் படி இல்லை. 2013இல் காலமானார்.

"வயசாயிடுச்சுன்னு நீங்க கவலைப்படாதீங்க அக்கா" என்று மதுரைத் தங்கச்சி தன் பங்குக்குச் சொன்னாள். 2021இல் தோக்கியோவில் நடந்த ஒலிம்பிக்கில் கராத்தே முதன்முதலாக இடம்பெற்றது. அதில் பெண்களுக்கான கட்டாவில் தங்கம் வென்ற ஸ்பெயின் நாட்டுச் சன்ட்ரா சஞ்செஸ் என்பவருக்கு அப்போது வயது 39. எனக்கு இன்னும் மூன்று வருடம் இருக்கிறது என்று மூவரும் சிரித்தோம்.

பரீட்சை நாள் வந்தது. மேசைக்குப் பின்னால் மூன்று பரீட்சகர்கள். நடுவில் இருந்தவர் ஜப்பானிலிருந்து வந்த முதியவர். முதலில் அடிப்படை அசைவுகள். நான்கு பேர் நான்கு பேராகக் கூப்பிட்டார்கள். ஒன்றும் பிழைக்கவில்லை. அடுத்துக் கட்டா. பெயரை உரத்துச் சொல்லிவிட்டுத் தொடங்கினேன். கோட்டையை உடைத்தேன் என்றுதான் நினைக்கிறேன்.

கடைசியில் குமித்தே. ஷோதான் பரீட்சையில் வருவது 'ஜியு இப்பொன்' என்ற முறை. எதிரே நிற்பவர் எங்கே தாக்கப்போகிறார் என்று முதலில் சொல்ல வேண்டும். 'ஜோதான்' என்றால் முகம், 'சூதான்' என்றால் நெஞ்சும் வயிறும். சொன்ன பிறகு, தனக்கு வாய்ப்பான நொடியைப் பார்த்து உண்மையாகவே பாய்வார். நாங்கள் தடுத்துத் திருப்பித் தாக்கும் பாவனையில் நிறுத்த வேண்டும். முதன்முதல் இதைப் பழகியபோது, எங்கள் வீதிகளில் யாரும் இப்படி முன்னறிவித்தல் கொடுத்துவிட்டு வருவதில்லையே என்று நினைத்தேன். ஆனால் முன்னறிவித்தும் நான் அகப்பட்டேன்.

"ஜோதான்" என்றாள் எதிரே நின்ற பிள்ளை. பெங்களூரைச் சேர்ந்தவள்; இருபது வயது இருக்கும். முகத்துக்கு வரப்போகிறது என்று தெரியும். எப்படித் தடுப்பது என்று தெரியும். கை எழும்பியது, ஆனால் பிந்தி எழும்பியது. அவள் முட்டி என் மூக்குக்கு ஒரு விரல் இடைவெளியில் வந்து நின்றது. இரண்டாம் முறையும் அப்படியே. மூன்றாம் முறை வயிற்றில் பட்டது. நோகவில்லை, ஆனால் மண்டபம் முழுவதும் கேட்டது போல இருந்தது.

மாலையில் பெயர்களை வாசித்தார்கள். மதுரைத் தங்கச்சியின் பெயர் வந்தது. சேச்சியின் பெயரும் வந்தது. என் பெயர் வரவில்லை. தவறியவர்களை ஒவ்வொருவராக மேசைக்குக் கூப்பிட்டார்கள். காலில் தெம்பில்லாமல் போனேன். ஆறுதல் சொல்லி அனுப்பப்போகிறார்கள் என்று நினைத்தேன். அந்த முதியவர் ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு தாளை என் பக்கம் திருப்பிவைத்தார். அடிப்படை: தேறியது. கட்டா: தேறியது. குமித்தே: தேறவில்லை. அதற்குப் பக்கத்தில் இரண்டு வரி. அடுத்திருந்த பரீட்சகர் ஆங்கிலத்தில் விளக்கினார்.

"உங்கள் கை மெதுவானது அல்ல. அவர் தாக்குவதற்கு முந்திய நொடியில் உங்கள் கண் நிலத்துக்குப் போகிறது. மூன்று முறையும் போனது. வருவதைக் காணாத ஒருவரால் தடுக்க முடியாது. ஆறு மாதத்துக்குப் பிறகு எப்போது வேண்டுமானாலும் வாருங்கள். இந்தப் பகுதியை மட்டும் செய்தால் போதும்."

அந்த முதியவர் தன் இரண்டு விரல்களால் தன் கண்ணைக் காட்டி, பிறகு என் கண்ணைக் காட்டினார். நான் நிமிர்ந்து அவரைப் பார்க்கும்வரை விரலை எடுக்கவில்லை.

அன்றிரவு நித்திரை வரவில்லை. என் கண் எப்போது நிலத்துக்குப் போகப் பழகியது என்று யோசித்துக்கொண்டே கிடந்தேன். யோசிக்கப் பெரிதாக ஒன்றுமில்லை. 2006இல் நான் உயர்தரம் படித்துக்கொண்டிருந்தேன். அந்த ஆண்டு ஜனவரி 2ஆம் திகதி பின்னேரம் எங்கள் நகரக் கடற்கரையில் ஐந்து மாணவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். என்னிலும் சற்று மூத்த பிள்ளைகள். அதன்பின் நான் ரியூசனுக்கு வெளிக்கிடும்போதெல்லாம் அம்மா வாசலில் நின்று ஒன்றே ஒன்றுதான் சொல்லுவா: "நிலத்தைப் பார்த்து நட பிள்ளை. ஒருத்தரையும் நிமிர்ந்து பார்க்காதை." சோதனைச்சாவடியில் அடையாள அட்டையை நீட்டும்போதும் நிலம், பஸ்ஸில் ஏறும்போதும் நிலம். அம்மாவைப் பிழை சொல்லமாட்டேன். அந்தக் காலத்தில் தன் பிள்ளையை உயிரோடு வீட்டுக்குத் திருப்பி எடுப்பதற்கு அவவிடம் இருந்த தற்காப்புக் கலை அது ஒன்றுதான். 2009இல் யுத்தம் முடிந்தது. சோதனைச்சாவடிகளும் ஒவ்வொன்றாகப் போயின. என் கண்ணுக்கு மட்டும் ஒருவரும் வந்து முடிந்துவிட்டது என்று சொல்லவில்லை.

இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. மாமியின் கேள்விக்கு விடை இதுதான். என்னை மூன்று முறை பெண் பார்க்க வந்திருக்கிறார்கள். சீலை கட்டி, தேநீர்த் தட்டோடு வந்து, நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அதுவும் ஒரு பரீட்சைதானே? மூன்று முறையும் "யோசிச்சுப் பதில் சொல்லி அனுப்புறம்" என்றார்கள். மூன்று முறையும் பதில் வரவில்லை. நிறமோ, சீதனமோ, படிப்புக் கூடிப்போனதோ, தகப்பன் இல்லாத வீடு என்பதோ இன்றுவரை தெரியாது. தெரியாததால் எல்லாமே என் பிழையாகத் தோன்றிய காலம் ஒன்று இருந்தது. கண்ணாடியில் தலைமுதல் கால்வரை பிழை தேடியிருக்கிறேன்.

என் வேலையில் நான் சந்திக்கும் பெண்களுக்கும் இதேதான். நேர்முகப் பரீட்சைக்குப் போய்வந்து கடிதத்துக்காகக் காத்திருக்கும் பிள்ளை. கடன் விண்ணப்பம் திரும்பி வந்த, காரணம் எழுதப்படாத அம்மா. புருசன் விட்டுப்போய் இரண்டு வருடம் ஆகியும் "நான் என்ன குறை வைச்சனான் மிஸ்?" என்று என்னிடம் கேட்பவர். எங்கள் பெண்பிள்ளைகளைத் தவறியவர்கள் என்று சொல்ல எத்தனையோ பேர் இருக்கிறார்கள். எங்கே தவறியது, எது சரியாக இருந்தது, எப்போது திரும்பி வரலாம் என்று சொல்ல ஆளில்லை. கெய்கோ ஃபுகுடாவுக்குக் கூட 19 ஆண்டுகள் அப்படித்தான் கழிந்தன.

அந்தத் தாளில் எனக்கு இரண்டு தேறல், ஒரு தவறல், ஒரு காரணம், ஒரு கால எல்லை எல்லாம் இருந்தன. 36 வயதில் முதன்முதலாக என்னை ஒருவர் நேர்மையாகத் தவறவிட்டிருந்தார். அது எனக்கு அவமானமாக இருக்கவில்லை. சொன்னால் நம்பமாட்டீர்கள், விடியற்காலையில் மரியாதையாகக்கூட இருந்தது.

ஊருக்கு வந்த சனிக்கிழமை, மண்டபத்துக்குப் போகும் முன் லூர்து மாதா கோயிலடியில் சைக்கிளை நிறுத்திக் கொஞ்ச நேரம் நின்றேன். ஆசிரியர் தவறினால் பிள்ளைகள் எண்ணிக்கை குறையுமோ என்ற பயம் இருந்தது. உள்ளே போனதும் சின்னவள் ஓடிவந்து என் இடுப்பைப் பார்த்தாள். எல்லோரையும் வட்டமாக இருக்கச் சொல்லி, தாளை நடுவில் வைத்து, நடந்ததை நடந்தபடி சொன்னேன். மூன்று முறை அடிவாங்கியதையும் செய்துகாட்டினேன். முதலில் ஒருவரும் கதைக்கவில்லை. பிறகு பின்வரிசையில் இருந்த ஒரு பிள்ளை கேட்டாள்:

"அப்ப திரும்பப் போவீங்களோ அக்கா?"

"போவன். சீட்டுக் காசு சேரவேணும்."

"முழுக்கத் திரும்பச் செய்யத் தேவையில்லையோ?"

"இல்லை. தவறின பகுதி மட்டும்தான்."

அவள் அந்தத் தாளை எடுத்து நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். சாதாரண தரத்தில் கணிதம் தவறியதோடு பாடசாலைக்குப் போவதை நிறுத்தியவள் அவள். வீட்டில் "உனக்குப் படிப்பு ஏறாது" என்று சொல்லிவிட்டார்கள். மற்றப் பாடங்கள் எல்லாம் அவள் சித்தியடைந்திருந்தாள் என்பது எனக்கே அன்றுதான் தெரியும். இரண்டு கிழமை கழித்து, தனிப்பட்ட பரீட்சார்த்தியாக விண்ணப்பிப்பது எப்படி என்று என்னிடம் கேட்டாள். விளக்கிச் சொன்னேன். இன்னும் விண்ணப்பிக்கவில்லை. தகப்பனோடு கதைக்க வேண்டும் என்கிறாள். இதை நான் வெற்றிக் கதையாக எழுதப்போவதில்லை. அவள் கேட்டாள் என்பதை மட்டும் எழுதுகிறேன்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். கராத்தே பழகினால் பெண்ணுக்கு எந்த ஆபத்தும் வராது என்று நான் யாருக்கும் சொல்வதில்லை. வீதியில் கையைப் பிடிப்பவனிடமிருந்து விலகி ஓட அது உதவலாம். ஒரே கூரையின் கீழ் இருப்பவன் அடிக்கும்போது உதையும் குத்தும் விடையாகாது. அங்கே சட்டமும் ஆள்துணையும் வேண்டும். 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நீதவான் நீதிமன்றத்தில் 12 மாதங்கள் வரையான பாதுகாப்புக் கட்டளை பெறலாம். 1938 என்ற மகளிர் உதவி இலக்கத்துக்கு அழைக்கலாம். பிரதேச செயலகத்தில் இருக்கும் பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தரிடம் போகலாம். ஆனால் சகோதரிகளே, அந்த மேசைக்கு முன்னால் போய் இருந்து, நிமிர்ந்து பார்த்து, நடந்ததைச் சொல்வதற்கும் ஒரு பழக்கம் வேண்டும். எத்தனை பேர் என் முன்னால் இருந்து நிலத்தோடு கதைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்!

இப்போது எங்கள் வகுப்பில் ஒரு புதிய பயிற்சி சேர்ந்திருக்கிறது. தொடங்குவதற்கு முன் இருவர் இருவராக எதிரெதிரே நின்று, கையைத் தொங்கவிட்டு, ஒரு நிமிடம் ஒருவர் கண்ணை ஒருவர் பார்க்க வேண்டும். முதல் மாதம் பத்து விநாடிக்குள் எல்லோரும் சிரித்துவிடுவார்கள். சிலர் கண் கலங்கி முகத்தைத் திருப்பினார்கள். இப்போது சின்னவள் முழு நிமிடமும் நிற்கிறாள். எனக்கு எதிரே யாராவது நிற்க வேண்டும் என்று அவளையே கூப்பிடுகிறேன்.

வீட்டிலும் ஒரு நாள் அம்மாவிடம் கேட்டேன், "ஒரு நிமிசம் என்னைப் பாருங்கோவன்" என்று. "விசரி" என்றா. கறிக்கு உப்புப் பார்த்துக்கொண்டிருந்தவ, அகப்பையைக் கையில் வைத்தபடியே நிமிர்ந்து பார்த்தா. யார் முதலில் கண்ணைத் தாழ்த்தினோம் என்று சொல்லமாட்டேன். சீட்டுக்கு இந்த மாதக் காசைக் கட்டிவிட்டேன்.